இறந்தவருக்கும் மருத்துவம்

அறுவை மருத்துவத்தில் மயக்க மருத்துவரின் கடமை யாது? நோயாளி வலி உணராது துயிலச் செய்தலும், பின்னர் அவரை விழிக்கச் செய்தலும் என எளிதில் விடை கூறுவோம். இனி ஒருநாளும் விழிக்கமாட்டாத ஒருவர் மேசைமேல் கிடப்பின், அம்மருத்துவருக்கு அங்கு என்ன வேலை? மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்புகளைக் கொடையாகப் பெறும் அறுவையில் இவ்வினா எழுகின்றது.

மூளைத்தண்டு மீளாதவாறு செயலற்றுப் போதலையே நம் நாட்டின் 1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இறப்பாக ஏற்றுள்ளது. மருத்துவர் நால்வர், குறைந்தது 6 மணி நேர இடைவெளியில், இருமுறை ஆய்ந்து சான்றளித்தல் வேண்டும். உறுப்பு மாற்று அறுவை செய்வோர் அந்நால்வருள் இடம்பெறலாகாது. 'மூச்சு நின்றது' என்றே இறப்பைக் குறித்துப் பழகியவர் நாம். இங்கோ, இறந்த பின்னும் கருவியின் துணையால் மூச்சு ஓடுகின்றது, நெஞ்சு துடிக்கின்றது, மேனியும் வெதுவெதுப்பாக இருக்கின்றது.

ஆயினும் மூளையின் ஆட்சி நீங்கிய உடல் நெடுநேரம் நிலைகொள்ளாது. குருதியழுத்தம் தாழும், சிறுநீர் கட்டின்றிப் பெருகும், உடல் குளிரும். மயக்க மருத்துவர் வாசோப்ரெசின் முதலிய மருந்துகளைச் செலுத்தியும், இழந்த நீரை அளந்து ஈடுசெய்தும், வெப்பம் 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்காது காத்தும் நிற்பார். நாடி தளர்ந்தால் வழக்கமாக உதவும் அட்ரோபின் இங்குப் பயன்படாது. அம்மருந்து அடக்கவேண்டிய நரம்பின் மூலமே மூளைத்தண்டில் மடிந்துவிட்டதன்றோ? ஆதலின் இதயத்தை நேரே தூண்டும் மருந்தையே நாடுவர்.

கத்தி பட்டதும் கை சற்றே அசைதலும், குருதியழுத்தம் உயர்தலும் உண்டு. 'ஐயோ, வலிக்குமோ!' எனச் சுற்றத்தார் கலங்குவது இயல்பே. சுடுகலத்தில் விரல் பட்டால், சூட்டை நாம் உணருமுன்னரே கை பின்வாங்குகின்றது. அது தண்டுவடத்தின் செயல். இங்கு நிகழ்வதும் அதுவே. வலியை உணர்தற்குரிய மூளை இறந்துவிட்டமையால் வலி என்பதே இல்லை. எனினும் தசைகளைத் தளர்த்தும் மருந்து தருவர். மயக்க ஆவி சிறிது தருவதும் உண்டு. உயரும் அழுத்தத்தால் உறுப்புகள் ஊறுபடாமைப் பொருட்டே அது தரப்படுகின்றது.

இறுதியில், குருதி உறையாதிருக்க ஹெப்பாரின் செலுத்தப்படும். பெருந்தமனி இறுகப் பிடிக்கப்பட்டு, குளிர்ந்த காப்பு நீர் உறுப்புகளுள் பாயும். இதயம் ஏறத்தாழ 4 மணி நேரமே தாங்குமாதலின், அப்பாலுள்ள ஒவ்வொரு நொடியும் பொன்னானது. அறுவை மருத்துவர்கள் விரைவர். சற்று நேரத்தில் மயக்க மருத்துவர் சுவாசக் கருவியை நிறுத்தி, மணியைக் குறித்துவிட்டு, அத்தலைமாட்டினின்று எழுவார்.