பாட்டில்லாத ரேடியோ



ரேடியோ என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது பாட்டுதான். காலையில் பக்திப் பாட்டு, மத்தியானம் பழைய பாட்டு, ராத்திரியில் சோகப் பாட்டு. பாட்டே இல்லாமல் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கும் ரேடியோ ஒன்று உண்டு என்றால், "அட, அதை யார் உட்கார்ந்து கேட்பது?" என்று சிரிப்பீர்கள். ஆனால் சீமையில் அப்படி ஒரு ரேடியோ இருக்கிறது. லட்சக்கணக்கான ஜனங்கள் அதைக் கேட்கிறார்கள். பிபிசியின் 'ரேடியோ 4' என்று அதற்குப் பேர். 1967 செப்டம்பர் 30ஆம் தேதி இந்தப் பேரில் தொடங்கியது. அதற்கு முன் 'ஹோம் சர்வீஸ்' என்று இருந்தது.

அதன் ஒரு நாளை நாம் கொஞ்சம் பின்தொடர்ந்து பார்ப்போம். வேலை செய்து பிழைக்கும் நமக்கு அதில் பாடம் இருக்கிறது.

பொழுது விடியுமுன், நம்மவர்கள் பெரட்டுக்குக் கிளம்பும் நேரம் போல, அங்கே கடல் வானிலைச் சேதி வாசிக்கிறார்கள். பிரிட்டனைச் சுற்றியுள்ள கடலை 31 வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பேரையும் சொல்லி, காற்று எப்படி, மழை உண்டா, கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரியும் என்று நிதானமாகச் சொல்வார்கள். மீன் பிடிக்கப் போகிறவனுக்கும் கப்பலில் வேலை செய்கிறவனுக்கும் அது உயிர் சம்பந்தப்பட்ட சேதி. அந்த நாட்டில் புயல் எச்சரிக்கையைத் தொடங்கி வைத்தவர் பிட்ஸ்ராய் என்ற கடற்படை அதிகாரி. 2002ல் ஒரு கடல் வட்டாரத்துக்கே அவர் பேரை வைத்தார்கள்.

அடுத்து, ஆறு மணிக்கு முன்னாலேயே 'இன்றைய விவசாயம்' வந்துவிடும். பால் விலை, ஆடு மாடுகளுக்கு வரும் நோய், அறுவடைக்கு ஆள் கிடைக்காத கஷ்டம், எல்லாம் அதில் பேசப்படும். ஆறு மணிக்கு 'டுடே' என்ற செய்தி நிகழ்ச்சி. 1957ல் தொடங்கியது. மந்திரிகளைக் கூப்பிட்டு வைத்து, பதில் வரும்வரை விடாமல் கேள்வி கேட்பார்கள். பத்து மணிக்குப் 'பெண்கள் நேரம்'. அது 1946ல் தொடங்கியபோது நடத்தியவர் ஓர் ஆண்பிள்ளை! இதென்ன கூத்து என்று அன்றைக்கே கேட்டிருப்பார்கள். பிறகு அது பெண்கள் கைக்கு வந்து, பிள்ளைப்பேறு, சம்பளம், மாதவிலக்கு நிற்கும் வயதின் தொல்லை என்று வெளியில் பேசக் கூசிய விஷயங்களையெல்லாம் பேசியது.

கண் தெரியாதவர்களுக்கென்றே 1961 முதல் வாராவாரம் ஒரு நிகழ்ச்சி நடக்கிறது. 1947ல் தொடங்கிய தோட்டக்கலை நிகழ்ச்சி ஒன்றில் விஷயம் தெரிந்தவர்கள் ஊர் ஊராகப் போய், செடி வளர்ப்பவர்களின் கேள்விக்கு நேரிலேயே பதில் சொல்கிறார்கள். வீட்டுப் பின்னால் நாலு கத்தரி, ரெண்டு முருங்கை வைத்திருக்கும் நம் பாட்டிமார்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு லண்டன் பெரிய கடிகாரத்தின் மணியோசை, பிறகு செய்தி. சிரிக்க வைக்கும் நிகழ்ச்சிகளும் உண்டு. ஒரு நிமிஷம் தயங்காமல், சொன்னதையே சொல்லாமல், விஷயத்தை விட்டு விலகாமல் பேச வேண்டும் என்று ஒரு போட்டி 1967 முதல் நடக்கிறது. நம் தோட்டத்துக் கூட்டங்களில் மேடை ஏறுகிறவர்கள் எத்தனை பேர் அதில் தேறுவார்கள்?

இனிதான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஏழு மணிக்கு 'ஆர்ச்சர்ஸ்' என்ற நாடகத் தொடர் வரும். ஆம்பிரிட்ஜ் என்ற கற்பனைக் கிராமத்து விவசாயக் குடும்பங்களின் கதை. இது பிறந்த விதத்தைக் கேளுங்கள். 1948ல் பர்மிங்ஹாமில் ரேடியோக்காரர்களும் விவசாயிகளும் கூடிப் பேசினார்கள். அப்போது துப்பறியும் தொடர் ஒன்று ஓஹோ என்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு விவசாயி எழுந்து, எங்களுக்கும் அந்த மாதிரி விறுவிறுப்பாக ஒரு தொடர் வேண்டும் என்ற கருத்தில் பேசினார். 1951 ஜனவரி முதல் தேதி நாடு முழுக்க அந்தத் தொடர் ஒலித்தது. இன்றும் ஓடுகிறது.

முதலில் அதுவும் சர்க்கார் சேதி சொல்லத்தான் பயன்பட்டது. யுத்தம் முடிந்து சாப்பாட்டுக்கு ரேஷன் இருந்த காலம். விளைச்சலைப் பெருக்கும் வழிகளைக் கதையோடு கலந்து சொன்னார்கள். போகப் போக ஜனங்கள் அதைத் தங்கள் கதையாக்கிக் கொண்டார்கள். 1955ல் கிரேஸ் என்ற பாத்திரம் தீயில் சிக்கிச் சாகிறாள் என்றதும், சொந்தப் பெண் செத்தது போல ஊரே அழுதது.

2016ல் இன்னொரு கதை. ஹெலன் என்ற பெண்ணை அவள் புருஷன் அணு அணுவாக ஒடுக்குகிறான். எங்கே போகிறாய், யாரிடம் பேசுகிறாய், காசு எதற்கு என்று அவள் மூச்சையே நிறுத்தப் பார்க்கிறான். மாதக்கணக்கில் கேட்ட நேயர்கள் துடித்துப் போனார்கள். ஒரு நேயர் நிதி திரட்டத் தொடங்க, அடிபட்டு வரும் பெண்களுக்கு அடைக்கலம் தரும் இயக்கத்துக்கு ஒரு லட்சம் பவுனுக்கு மேல் சேர்ந்தது. கேட்கும் பெண்கள் எத்தனையோ பேர், "எனக்கு நடப்பதும் இதுதானே" என்று விழித்துக்கொண்டிருப்பார்கள். நமது நாட்டில் 1994லேயே குடும்ப வன்முறைச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் சம்சு குடித்துவிட்டு வந்து அடிக்கும் புருஷன்மேல் போலீசில் புகார் செய்யலாம் என்று இன்னும் எத்தனை பெண்களுக்குத் தெரியாது!

நமக்கும் அந்த ரேடியோவுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1950ல் ஹியூ கிரீன் என்பவர் மலாயாவுக்கு அனுப்பப்பட்டார். அவசரகாலத் தகவல் சேவைக்கு அவர்தான் தலைவர். அந்தக் காலத்தில்தான் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் பொது ரேடியோப் பெட்டிகள் வந்தன. சாயங்காலம் லயத்து ஜனங்கள் கூடிக் கேட்டார்கள். அந்தப் பெட்டி அரசாங்கம் சொல்ல நினைத்ததை நமக்குச் சொன்னது. நாம் என்ன சொல்ல நினைக்கிறோம் என்று அது கேட்கவில்லை. அதே கிரீன் பின்னால் பிபிசியின் தலைமை இயக்குநர் ஆனார். 'ரேடியோ 4' பிறந்தது அவர் காலத்தில்தான்.

அங்கே ஒரு விவசாயி வாய் திறந்து கேட்டார், கிடைத்தது. நாம் கேட்டோமா? ரேடியோவுக்கு எழுதும்போது பிறந்தநாள் வாழ்த்தும் பாட்டும் கேட்கிறோம். அது தப்பில்லை, சந்தோஷமும் வேண்டும். ஆனால் 2025ல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனதே, அது நம் சம்பளச் சீட்டில் எப்படி வர வேண்டும்? செம்பனைக் குலை விழுந்து தோள் உடைந்தால் சொக்சோ பணம் வாங்குவது எப்படி? தோட்டம் விற்கப்பட்டால் வீட்டுக்கு என்ன வழி? இதையெல்லாம் விளக்கிச் சொல்லுங்கள் என்று யார் எழுதினோம்? பால்வெட்டிய கைகளின் கதையை நாடகமாகப் போடுங்கள் என்று யார் கேட்டோம்?

நமது அரசாங்க ரேடியோவின் தமிழ்ப் பிரிவு இன்று 'மின்னல் எப்.எம்.' அது நம் வரிப் பணத்தில் நடப்பது. ஆகவே கேட்பதில் கூச்சம் வேண்டாம். எழுதத் தெரிந்த பிள்ளைகள் எழுதட்டும்; தெரியாத பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும். நூறு கடிதம் போனால் அதைத் தட்டிக் கழிக்க முடியாது. அழுகிற பிள்ளைக்குத்தான் பால் என்பது நமக்குத் தெரியாத பழமொழியா?