ஒரே பலகையில் இரு வேலையாட்கள்

உலோகம் வெட்டும் சிறு இயந்திரம் ஒன்றைக் கருதுவோம். அதன் ஸ்டெப்பர் மோட்டாருக்கு மின்துடிப்புகளைச் சம இடைவெளியில் அனுப்ப வேண்டும். துடிப்பு பிந்தினால் மோட்டார் அடி தவறும். வெட்டும் பொருள் பாழாகும். மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சில்லுக்கு இப்பணி எளிது. அதற்கு வேறு அலுவல் இல்லை. எழுதிய நிரலையே இடையறாது சுற்றிச் சுற்றிச் செய்துகொண்டிருக்கும்.

அதே நிரலை லினக்ஸ் இயங்கும் சிறு பலகையில் இட்டால் நிலைமை வேறு. கால்வாய் நீரை முறைவைத்து விடுவதுபோல, லினக்ஸ் பல நிரல்களுக்கும் பொழுதைப் பங்கிடுகிறது. நம் முறை வருவதற்குள் சில மில்லிநொடிகள் கழிந்துவிடலாம். கணக்குத் தவறாது, காலம் தவறும்.

இதற்கொரு தீர்வை 2013-இல் வெளிவந்த பீகிள்போன் பிளாக் பலகையில் காணலாம். அதன் தலைமைச் சில்லுக்குள்ளேயே, லினக்ஸின் முறைவைப்புக்கு உட்படாத இரு சிறு செயலிகள் உள்ளன. அவற்றின் கடிகாரம் நொடிக்கு 20 கோடி முறை துடிப்பது. பெரும்பாலான கட்டளைகள் ஒவ்வொன்றும் 5 நானோநொடியில் முடிந்துவிடும். துடிப்பு அனுப்பும் பணியை இவற்றிடம் ஒப்படைத்து, பதிவு செய்தலையும் இணையத் தொடர்பையும் லினக்ஸிடம் விடலாம். இரு தரப்பும் பொது நினைவகத்தின் வழியே செய்தி பரிமாறிக்கொள்ளும்.

ஆகவே, பழைய நிரலை அப்படியே பெயர்த்து வைப்பதற்கு முன், அதில் எந்தப் பகுதி பிந்தினால் கேடு விளையும் என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். அப்பகுதிக்கே தனி வேலையாள் தேவை.