மதிலுக்கு அப்பால் வாழ்ந்தோர்

சிக்காகோ பல்கலைக்கழகத்தின் பெயர் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. விண்ணியல் மேதை சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937-ம் ஆண்டு முதல் 1995-ல் மறையும் வரை அதன் ஆசிரியர் குழுவில் விளங்கினார். சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து உலகறியச் செய்த ஏ. கே. இராமானுஜன் தம் வாழ்வின் பெரும்பகுதியை அங்கேதான் கழித்தார். அத்தகைய கல்விக்கூடத்தைப் பற்றி நாம் பெருமையுடன் பேசுவது இயல்பே. ஆனால் அதன் மதிலை அடுத்து வாழ்ந்த ஏழைகள் அதனை வேறு கண்கொண்டு நோக்கினர். தங்கள் வீட்டு மனையை என்றேனும் ஒரு நாள் வளைத்துக்கொள்ளப் போகும் பெருஞ்செல்வராகவே அந்த அண்டை வீட்டாரை அவர்கள் கண்டனர். இவ்வரலாற்றில் திருச்சபைக்கும் ஓர் இடம் உண்டு. ஆதலின் அதனை இங்கே சற்று விரித்துக் கூற விரும்புகிறோம்.

ராக்ஃபெல்லரின் பெருநிதியால் 1890-ல் நிறுவப்பெற்ற அப்பல்கலைக்கழகம், நகரின் தென்புறத்தே ஹைடு பார்க் என்னும் பகுதியில் அமைந்துள்ளது. அதன் தெற்கே மிட்வே எனப்படும் நீண்ட புல்வெளி. அதற்கும் அப்பால் உட்லான் குடியிருப்பு. தென் மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பின மக்களால் சிக்காகோவின் குறுகிய சில வட்டாரங்களில் மட்டுமே குடியேற முடிந்தது. கறுப்பினத்தாருக்கு வீட்டை விற்பதில்லை, வாடகைக்கும் விடுவதில்லை என்று வெள்ளையரான வீட்டுடைமையாளர்கள் தமக்குள் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தனர். அறிவொளி பரப்ப வந்த பல்கலைக்கழகமும் அப்பத்திரங்களுக்குத் துணை நின்றது. இத்தகைய பத்திரங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-ல் தீர்ப்பளித்த பின்னரே அத்தடை தளர்ந்தது.

தடை தளர்ந்ததும் ஹைடு பார்க்கில் கறுப்பினக் குடும்பங்கள் குடியேறின; வெள்ளையர் பலர் வெளியேறினர். ஒரு குடும்பத்துக்கான வீட்டில் நான்கு குடும்பங்களை அடைத்துப் பணம் பார்த்த வீட்டுக்காரர்களால் தெருக்கள் சீரழிந்தன. மாணவர்களும் பேராசிரியர்களும் இனி இங்கு வருவார்களா என்று பல்கலைக்கழகம் அஞ்சியது. அவ்வச்சம் பொய்யென்று நாம் கூறமாட்டோம். 1952-ல் தன் ஆதரவில் ஓர் அமைப்பை உருவாக்கி, ஜூலியன் லெவி என்னும் வழக்கறிஞரை அதன் செயல் இயக்குநராக்கியது. அதன் வழியே பிறந்த நகரச் சீரமைப்புத் திட்டம் 1958-ல் நகர மன்றத்தின் முன் வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேற வேண்டியிருந்தன. அவர்கள் போய்த் தங்குவதற்கேற்ற மலிவான வீடுகளோ திட்டத்தில் மிகச் சில.

அவ்வேளையில் எழுந்து பேசியவர் மொன்சிஞ்ஞோர் ஜான் ஈகன் என்னும் குருவானவர். கர்தினால் ஸ்ட்ரிச் ஆண்டகையின் ஒப்புதலோடு அவர் இத்திட்டத்தை எதிர்த்தார். வெளியேற்றப்படும் ஏழைகள் எங்கே போவார்கள் என்பதே அவர் எழுப்பிய கேள்வி. உயர் மறைமாவட்டத்தின் செய்தித்தாளான 'நியூ வேர்ல்டு' திட்டத்தைக் கண்டித்துக் கட்டுரைகள் வெளியிட்டது. கறுப்பின மக்கள் வெள்ளையரின் பங்குகளுக்கு வந்துவிடக்கூடாது என்பதற்காகவே திருச்சபை கூச்சலிடுகிறது என்று எதிர்த்தரப்பார் பழி சுமத்தினர். சிக்காகோவின் பல வெள்ளையர் பங்குகள் கறுப்பினத்தாரை முகமலர்ந்து வரவேற்கவில்லை என்பது உண்மை. ஆகவே அப்பழியை நம்புவோரும் இருந்தனர். ஆனால் 1965-ல் செல்மா நகரில் கறுப்பினத்தாரின் வாக்குரிமைக்காக நடந்தவர்களுள் ஈகன் ஒருவர் என்பதை நாம் மறத்தலாகாது. திட்டமோ 1958 நவம்பரில் நிறைவேறிவிட்டது.

ஹைடு பார்க்கில் வென்ற பல்கலைக்கழகம் 1960-ல் உட்லான் பக்கம் திரும்பியது. 60-ம் தெருவுக்கும் 61-ம் தெருவுக்கும் இடையே, ஒரு மைல் நீளத்துக்கு நிலம் வேண்டுமென்றது. இதற்கு வழிவகுத்திருந்தது 1959-ம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்திலுள்ள ஒரு பிரிவு. பல்கலைக்கழகம் தன் அருகே நிலம் வாங்கச் செலவிடும் தொகையை நகராட்சி தன் பங்காகக் கணக்கில் காட்டலாம். மத்திய அரசு அதைப்போல் இருமடங்கு நகராட்சிக்கு வழங்கும். இப்பிரிவுக்காக வாஷிங்டனில் பாடுபட்டவர் அதே லெவிதான்! கைப்பொருள் செலவின்றிப் பணம் வரும் வழியை எந்த நகராட்சிதான் வேண்டாமென்று சொல்லும்?

இம்முறை உட்லான் மக்கள் விழித்துக்கொண்டனர். திருச்சிலுவைக் கோவிலின் பங்குத்தந்தை மார்ட்டின் ஃபாரெல், பிரிவினை சபைகளின் போதகர்கள் சிலரோடு சேர்ந்து, சால் அலின்ஸ்கியின் உதவியை நாடினார். அலின்ஸ்கி யூதர், கத்தோலிக்க மெய்யியலாளர் ழாக் மாரித்தேனின் நண்பர். உயர் மறைமாவட்டம் பொருளுதவி செய்தது. உருவான மக்கள் அமைப்பின் முன்னணித் தலைவராக விளங்கியவர் பெந்தெகொஸ்தே போதகர் ஆர்தர் பிரேசியர். சங்கம் கூடலாம், தீர்மானம் போடலாம். அதற்காக எந்த மேயர் அஞ்சுவார்? 1961 ஆகஸ்டில் 46 பேருந்துகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வாக்காளராகப் பதிந்துகொள்ள நகர மண்டபத்துக்கு அணியாகச் சென்றனர். அதன் பொருள் மேயர் டேலிக்கு நன்கு விளங்கியது.

1963-ல் அவர் உடன்பாட்டுக்கு வந்தார். மாற்று வீடுகளைக் கட்டத் தொடங்காமல் பழைய வீடுகளை இடிப்பதில்லை என்பது அதன் உயிர்நாடி. 61-ம் தெருவுக்குத் தெற்கே வருவதில்லை என்று பல்கலைக்கழகமும் 1964-ல் இசைந்தது. கேட்ட ஒரு மைல் நிலத்தில் அதன் தென் வளாகம் எழுந்தது. காட்டேஜ் குரோவ் சாலையில் ஏறத்தாழ 500 வீடுகளும் பின்னர் எழுந்தன.

ஆயினும் உட்லான் தழைக்கவில்லை. வங்கிகள் கடன் தர மறுத்தன, வேலைகள் மறைந்தன, 1960-களின் இறுதியிலிருந்து நூற்றுக்கணக்கான கட்டடங்கள் தீக்கிரையாயின. 1960-ல் ஏறத்தாழ 81,000 பேர் வாழ்ந்த இடத்தில் 1980-ல் 36,000 பேரே எஞ்சினர். பல்கலைக்கழகத்தின் கடப்பாரையைத் தடுத்து நிறுத்திய மக்களால், ஊரே கைவிட்டதைத் தடுக்க இயலவில்லை. அன்று போராடியது வீணோ என்று கேட்போர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. வெற்றுமனைகளாகிவிட்ட தெருக்களிலும் கூட்டம் கூட்டிப் பேசும் பழக்கம் அங்கே அழியாதிருந்தது.

அது மீண்டும் பயன்பட்டது. பல்கலைக்கழகத்தின் முயற்சியால், முன்னாள் குடியரசுத் தலைவர் ஒபாமாவின் நினைவு மையத்தை அருகிலுள்ள ஜாக்ஸன் பூங்காவில் அமைக்க 2016-ல் முடிவாயிற்று. வாடகை ஏறுமே, நாங்கள் எங்கே போவோம் என்று உட்லான் மக்கள் பழைய கேள்வியையே கேட்டனர். ஆண்டுக்கணக்கில் வற்புறுத்திய பின், 2020 செப்டம்பரில் நகர மன்றம் உட்லானுக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. நகராட்சிக்குரிய வெற்றுமனைகளில் ஒரு பகுதி குறைந்த வருமானத்தினர் வாழத்தக்க வீடுகளுக்கென ஒதுக்கப்பட்டது. வாடகைக் கட்டடம் விற்பனைக்கு வருமாயின், அதனை முதலில் வாங்கும் உரிமை அங்கே குடியிருப்போர்க்கு வழங்கப்பட்டது.