ஒரு பழைய பஸ்ஸின் சாதகம்

கல்முனைக்குப் புகையிரதம் வருவதில்லை. இருப்புப்பாதை மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கல்முனையும், அதற்கு அப்பாலுள்ள சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களும் வெளியுலகோடு உறவாடியது பெரும்பாலும் பஸ் வண்டியின் துணைகொண்டேயாகும். மருதமுனை நெசவாளரின் சாரக்கட்டும், பரீட்சைக்குச் செல்லும் மாணவனின் புத்தகக்கட்டும் அதிலேயே சென்றன. தமிழரும் முஸ்லிம்களும் “பிட்டும் தேங்காய்ப்பூவும் போல” வாழ்பவர் என்று இப்பகுதியார் கூறுவர். அந்த உவமையை நேரிற் காண விரும்புவோர், காலைநேர பஸ் ஒன்றினுள் எட்டிப் பார்த்தாற் போதும்.

இத்துணை உழைத்த வண்டிகளுள் ஒன்றின் வரலாற்றையேனும் நாம் எழுதி வைத்தோமா? இக்கேள்வி அண்மையில் ஒரு தென்னந்தோட்டத்தில் எம் மனத்தில் எழுந்தது. சாய்ந்தமருதுக்கு அண்மையில் உள்ள அத்தோட்டத்தின் மூலையிலே, சில்லுகள் இழந்த பழைய பஸ் ஒன்று கொச்சக்கயிறும் தேங்காயும் அடைத்த கொட்டிலாய் நின்றது. உரிமையாளர் ஓய்வு பெற்ற சாரதி. “இரும்புக்காரன் வெள்ளிக்கிழமை வாறான் சேர். நிறுத்துக் குடுக்கப் போறன்” என்றார். “காக்கா, இது எந்த ஆண்டு வண்டி?” என்று வினவினோம். “ஆருக்குத் தெரியும்? நம்பரைப் பாருங்க” என்று இலக்கத் தகட்டைக் காட்டினார்.

ஆனால் இலக்கத் தகடு ஒரு வண்டிக்கு அரசு சூட்டிய பெயரே. பிறந்த பெயர் வேறு.

எனினும் தகடும் தன் காலத்தைப் பேசத்தான் செய்கிறது. ஆதியில் நம் நாட்டு வாகனங்கள் ஆங்கில எழுத்துகளைத் தாங்கியிருந்தன. சீ.என்., ஈ.எல். என்பன போன்ற இரட்டை எழுத்துகளை முதியோர் இன்றும் நினைவு கூர்வர். 1957 ஆம் ஆண்டில் இலக்கங்களின் நடுவே சிங்கள “ஸ்ரீ” எழுத்து புகுந்தது. 1958 ஜனவரி 1 ஆம் நாள் தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. அவ்வாண்டு சபையின் புதிய வண்டிகள் அவ்வெழுத்தோடு தமிழ்ப் பகுதிகளுக்கு வந்தபோது, மக்கள் அதன்மீது தார் பூசினர். தெற்கிலே தமிழ் எழுத்துகள் மீது தார் பூசப்பட்டது. ஓர் எழுத்தின் பொருட்டு மனிதர் சிறை சென்ற காலம் அது. பின்னாளில் அவ்வெழுத்தின் இடத்தைச் சிறு கோடு பெற்றது. 2000 ஆம் ஆண்டில் ஆங்கில எழுத்துகள் மீண்டும் வந்தன. ஆகவே, தகட்டின் நடுப்பகுதியைக் கண்டவுடன் அது எந்தக் காலத்துப் பதிவென்று ஒருவாறு கூறிவிடலாம்.

காக்காவின் பஸ்ஸில் இருந்தது “ஸ்ரீ” எழுத்து. அப்படியாயின் அது 1957 க்கு முன் பதிவான வண்டியன்று. இம்மட்டில் நாம் திருப்தியடைந்திருந்தால் பிழை செய்திருப்போம்.

மோட்டார் வண்டிக்கு எலும்புக்கூடு போன்றது “செசி” எனப்படும் அடிச்சட்டம். தொழிற்சாலையில் அதற்கு ஓர் இலக்கம் இடப்படும். அவ்விலக்கம் இரும்பிலேயே வெட்டப்பட்டிருக்கும். சாரதியின் ஆசனத்தருகே தகடொன்றிலும் அது காணப்படுவதுண்டு. கம்பித் தூரிகையும் சிறிது மண்ணெண்ணெயும் கொண்டு துருவை அகற்றினோம். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் உரசினோம். கல்வெட்டு ஆராய்வோர் படியெடுக்கும் முறையும் ஏறக்குறைய இதுவே. “லேலண்டு” என்ற பெயர் கொண்ட அவ்வண்டியின் ஆறு இலக்கங்கள் ஒவ்வொன்றாய்த் தாளில் எழுந்தன. இங்கிலாந்தின் லேலண்டு கம்பனி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த ஆண்டுகளில், செசி இலக்கத்தின் முதலிரு தானங்களில் ஆண்டைக் குறிக்கும் வழக்கம் உடையது. நம் தாளில் தோன்றிய முதலிரு இலக்கங்கள் 4, 9. அதாவது 1949.

தகடு கூறும் வயது ஒன்று, இரும்பு கூறும் வயது வேறொன்று! இரண்டும் உண்மையே. வண்டி பிறந்த ஆண்டை இரும்பு சொல்கிறது. அது இந்நாட்டில் பதிவு பெற்ற காலத்தைத் தகடு சொல்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் அது வேறெங்கோ உழைத்துவிட்டு வந்தது என்று எண்ண இடமுண்டு.

இவ்வாறு வந்த வண்டிகளுக்கு நன்கறிந்த சான்று, கொழும்பு வீதிகளில் ஓடிய சிவப்பு நிற இரட்டைத்தட்டு பஸ்கள். லண்டன் மாநகரில் ஓடி ஓய்ந்த அவற்றை நம் போக்குவரத்துச் சபை நூற்றுக்கணக்கில் வாங்கிற்று. இரு நாட்டிலும் வாகனங்கள் இடப்பக்கமாகவே செல்வதால் ஏறும் வாயிலை மாற்ற வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவற்றுட் பல லேலண்டு வண்டிகள். 1948 முதல் 1954 வரை லண்டனுக்கு வந்த “ஆர்.டீ.எல்.” வகையில் 1,631 வண்டிகளும், சற்றே அகலமான “ஆர்.டீ.டபிள்யூ.” வகையில் 500 வண்டிகளும் இருந்தன. இங்கு வந்ததும் ஆங்கிலத் தகடு கழன்றது, இலங்கைத் தகடு ஏறியது. பழைய பெயரை அறிய இரும்பில் உள்ள இலக்கமே வழி.

அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. லண்டன் பஸ்கள் ஆல்டன்ஹாம் என்ற பெரும் பணிமனையிலே பழுதுபார்க்கப்பட்டன. அங்கே உடலைச் செசியிலிருந்து தூக்கியெடுத்து, இரண்டையும் தனித்தனியே செப்பனிடுவர். மீண்டும் பூட்டும்போது ஒன்றின் உடல் மற்றொன்றின் செசியில் அமரும். இலக்கத் தகடோ வேறொரு வழியிற் செல்லும். ஆகவே ஒரே வண்டியில் மூன்று வண்டிகளின் வரலாறு கலந்திருத்தல் கூடும். எஞ்சினும் அப்படியே மாறியிருக்கலாம். தகடு, செசி, உடல், எஞ்சின் ஆகிய நான்கையும் ஒப்பிட்ட பின்னரே தீர்ப்புக் கூறல் வேண்டும். ஒரு சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிப்பது நீதிமன்றத்துக்கும் அழகன்று, வரலாற்றுக்கும் அழகன்று.

இன்றைய வண்டிகளுக்கு இத்துணைத் தொல்லை இல்லை. 1977 இல் சர்வதேச நியமமாக வகுக்கப்பட்ட 17 தானங்கொண்ட அடையாள இலக்கம் இப்போது வழங்குகிறது. முதல் மூன்று தானங்கள் செய்தவரைச் சுட்டும். எம், ஏ, ரீ எனத் தொடங்கின் இந்தியாவின் டாட்டா. எம், பீ, 1 எனத் தொடங்கின் அசோக் லேலண்டு. ஒன்று, பூச்சியம் என்பவற்றோடு மயங்காதிருக்க ஐ, ஓ, கியூ ஆகிய ஆங்கில எழுத்துகள் அதில் இடம்பெறா. மாணவர்கள் தம் வீட்டு வாகனத்திலேயே இதனைப் படித்துப் பார்க்கலாம்.

பழைய வண்டிகளுக்குத்தான் காலம் குறுகிவிட்டது. உப்புக்காற்று இரும்பை அரிக்கும் கரை இது. 2004 டிசம்பர் 26 இல் வந்த கடற்கோள், வீடுகளையும் உயிர்களையும் மட்டுமன்றிப் பெட்டிகளில் இருந்த பத்திரங்களையும் படங்களையும் வாரிச் சென்ற கரையும் இதுவே. தாள் போன பின்பும் எஞ்சியிருப்பது இரும்பில் வெட்டிய எழுத்து. அதுவும் உலைக்குப் போய்விட்டால், எந்த பஸ்ஸில் ஏறி நம் பெற்றோர் கல்வி தேடிச் சென்றனர் என்பதைச் சொல்ல எதுவும் இராது. எங்கேனும் ஒரு பழைய வண்டி நிற்கக் கண்டால், இரும்புக்காரர் வருமுன் ஒரு தாளும் பென்சிலும் கொண்டு செல்லுங்கள். அதை ஓட்டியவர் உயிரோடு இருந்தால் அவர் சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள். இலக்கம் பிறப்பைச் சொல்லும். வாழ்வைச் சொல்ல மனிதர் வேண்டும்.

காக்காவுக்கு வண்டியை வைத்திருக்க வசதியில்லை. நாமும் வற்புறுத்தவில்லை. விடைபெறும்போது அவர் சொன்னார்: “அந்தத் தாளில எனக்கும் ஒண்டு எடுத்துத் தாங்க சேர். இரும்ப வித்தாலும் அதை விக்க மாட்டன்.”

இரண்டாம் தாளை உரசி எடுத்து அவர் கையில் கொடுத்தோம்.