றோட்டோர நிரை

தேயிலைத் தோட்டத்தில் வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் ஒருவருக்கு அரை நிமிஷம் கிடைத்தாலே பெரிது. எந்த மலை, எந்த நிரை என்று சொல்லிவிட்டுக் கங்காணி அடுத்த ஆளிடம் போய்விடுவார். அதற்குள், அத்தனை பேர் முன்னால், "மேல் மலை ஏற முடியாதுங்க ஐயா, றோட்டோர நிரை கொடுங்க" என்று வாய் திறப்பது லேசல்ல. கேட்கத் தயங்கி வலியோடு ஏறினால், கிலோ குறையும். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்.

ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்டங்கள் பலவற்றில் நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து கேட்கிறார்கள். முழங்கால் மடங்காத பெண்ணுக்கு விரல்கள் நன்றாகவே ஓடும். சமதரையில் நிரை கொடுத்து, கொழுந்தை நிறுவைக்குச் சுமக்க ஓர் ஆள் உதவினால் அவரும் முழுப்பேர் எடுக்கலாம். காது கேளாதவருக்குக் கங்காணியின் கூப்பாடு எட்டாது, கைச்சாடை எட்டும். மலையேறவே முடியாதவருக்குத் தவறணையில் நாற்றுப்பைக்கு மண் நிரப்பும் வேலை இருக்கிறது.

இப்படி மாற்றிக் கொடுப்பது தோட்டத்துக்குத் தெரியாத வித்தையா? கர்ப்பிணிகளுக்கு இலகு வேலை கொடுக்கும் வழக்கம் அங்கே ஏற்கெனவே உண்டு.

சட்டம் பாதி வழிதான் வருகிறது. இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், ஆளைச் சேர்க்கும்போது ஊனத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்கிறது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். சேர்ந்த பிறகு வேலையை எப்படி மாற்றித் தரவேண்டும் என்று அது சொல்வதில்லை. அதைச் சொல்வது, 2016இல் இலங்கை உறுதிசெய்த, ஊனமுற்றோர் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயம். நிறுவனத்துக்கு மிதமிஞ்சிய சுமையாகாத, தேவையான மாற்றத்தை மறுப்பதும் பாகுபாடே என்பது அதன் நிலைப்பாடு. வேலையில் அடிபட்டவருக்கு 1934இன் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் பணம் வாங்கித் தரும். ஆனால் காசு கைக்கு வந்த பிறகும் அதே பெரட்டு, அதே மலை.

ஆகவே பெரட்டில் கேட்பதைவிட, மாலையில் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு ஆபீஸில் கடிதமாகக் கொடுப்பது நல்லது. "இலகு வேலை வேண்டும்" என்று மட்டும் எழுதினால் கூட்டுகிற வேலையைக் கொடுத்துச் சம்பளத்தையும் குறைக்க இடமுண்டு. எது முடியாது, எது முடியும், என்ன மாற்றினால் முழுப்பேர் வரும் என்று மூன்றையும் எழுத வேண்டும். கூடவே வைத்தியச் சான்றிதழ், திகதி, கையெழுத்து. ஒரு பிரதி தொழிலாளியின் கையில் இருந்தால், துரை மறுக்கும்போது தொழில் அலுவலகத்தில் காட்ட அது ஒன்றாவது இருக்கும்.