சக்கரத்துக்குள் ஓர் உணரி

மட்டாஞ்சேரியிலிருந்து பாலக்காடு வழியாகக் கோவைக்குச் செல்லும் மகிழுந்தின் முகப்பில், வியப்புக்குறி தாங்கிய மஞ்சள் விளக்கு எரிகிறது எனக் கொள்வோம். ஏதோ ஒரு டயரில் காற்று குறைந்துள்ளது என்பது அதன் பொருள். அத்தகைய டயர் ஓட்டத்தில் மிகுதியாக வளைந்து சூடேறும். நெடுஞ்சாலை வேகத்தில் வெடிக்கவும் கூடும். கண்ணால் பார்த்து இதனை அறிதல் அரிது.

ஆகவே, வால்வின் அடியில் ஓர் உணரி பொருத்தப்படுகிறது. அது காற்றழுத்தத்தை அளந்து வானொலி அலையாக அனுப்புகிறது. அதன் மின்கலம் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை உழைக்கும்; பின்னர் உணரியையே மாற்ற வேண்டும். காயலோர ஊர்களில் உப்புக்காற்று உலோக வால்வை அரிப்பதும் உண்டு.

புதிய உணரியைப் பொருத்தினால் மட்டும் போதாது. ஒவ்வோர் உணரிக்கும் தனி எண் உண்டு. அவ்வெண்ணை அறியாதவரை வண்டியின் கணினி அதன் செய்தியை ஏற்பதில்லை. அருகில் செல்லும் வண்டியின் உணரியும் அதே அலைவரிசையில் பேசுமன்றோ! பழைய எண்ணைக் கைக்கருவியால் படித்துப் புதிய உணரியில் பதியலாம். மின்கலம் முற்றிலும் தீர்ந்திருந்தால் கருவியால் படிக்க இயலாது. உணரியின் மேல் அச்சிட்ட எண்ணைப் பார்த்தே பதிய வேண்டும். சில வண்டிகளோ சிறிது தொலைவு ஓடியதும் புதிய எண்ணைத் தாமே கற்றுக்கொள்ளும்.

கருவி இருப்பின் இப்பணியை வீட்டு வாசலிலேயே முடிக்கலாம். டயரைக் கழற்றி மாட்டுவதற்கு மட்டும் பஞ்சர் கடைக்குச் செல்லவேண்டும்.