கார்த்திகைப் பூவின் கிழங்கு

மாரி மழையில் வேலியிற் படர்ந்து, செம்மையும் மஞ்சளுமாய்ப் பூக்கும் கார்த்திகைப் பூவைக் கமக்காரர் யாவரும் அறிவர். கலப்பை வடிவினதாதலால் இதன் கிழங்கு கலப்பைக் கிழங்கெனவும் பெயர்பெறும். சித்த வைத்தியர் இதனைச் சுத்திசெய்தே மருந்திற் சேர்ப்பர். இதிலுள்ள கொல்கிசின் என்னும் சத்துக் கீல்வாதத்திற்கு மருந்தாகும். தமிழ்நாட்டில் விதைக்காகவே இதனைப் பயிரிடுகின்றனர்.

ஆயினும் அச்சத்தே கொடிய நஞ்சுமாம். கிழங்கை அவித்தாலும் நீங்காது. வற்றாளங்கிழங்கென மயங்கி உண்டு இலங்கையில் இறந்தோர் உளர். உண்ட சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றோட்டமுங் காணும். தப்பினோர்க்கும் பின்னர்த் தலைமயிர் உதிர்வதுண்டு.

ஆகவே வேலியோரங் கொத்தும்போது அகப்படும் இக்கிழங்கை உணவுக் கிழங்குகளுடன் ஒரே கடகத்தில் இடாதீர்கள். எவரேனும் உண்டாராயின், கைமருந்து பாராது உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். கிழங்கின் துண்டொன்றையும் வைத்தியரிடம் காட்டுங்கள்.